விரும்பினால் விரும்பியதைத் தரலாம்

வாஷிங் மெஷின் கெட்டுப்போனவனுடைய கை ஈரமாக இருக்கும். ஈரக் கையோடு எவனும் நன்கொடை தருவதில்லை. கை காய்வதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். மெஷின் ஓடுகிறவனுக்கு யார் ஞாபகமும் வராது. தன் வெப்சைட்டின் அடியில் நன்கொடைப் பட்டன் வைத்தபோது மெக்கானிக் இதை மட்டும் யோசிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தான். பட்டனுக்கு என்ன நிறம் என்பதையே ஒரு வாரம் யோசித்தான்.

அவனுக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். வீடு வீடாகப் போய், மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, கழற்றி, உள்ளே சிக்கியிருக்கும் ஹேர்பின்னை எடுத்து அந்த வீட்டம்மாவிடம் காட்டுவான். இது எங்கள் வீட்டு ஹேர்பின்னே இல்லை என்று அந்த அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். சாயங்காலம் வந்ததும் அன்றைக்குப் பார்த்த கோளாறை வெப்சைட்டில் எழுதுவான். தண்ணீர் ஏறவில்லை என்றால் எதைப் பார்ப்பது, ஏறின தண்ணீர் இறங்கவில்லை என்றால் எதைத் திறப்பது, சுற்றுகிற வேகத்தில் மெஷின் குளியலறையை விட்டு நடந்து ஹாலுக்கு வந்துவிட்டால் எந்தக் காலைத் திருகுவது, எல்லாம் படத்தோடு. எழுத்தில் அவன் வேறு ஆள். வீட்டில் 'ம்', 'சரி', 'சோறு' என்று மூன்று சொல்லில் வாரத்தை ஓட்டிவிடுகிறவன், அங்கே, 'பயப்படாதீர்கள். முதலில் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆரம்பிப்பான்.

சொந்த வீட்டு மெஷினில் பிழியும் பக்கம் செத்து ரொம்ப நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. அதனால் அவன் மனைவி போர்வை துவைத்தால் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனுமாகப் பிடித்து எதிரெதிராக முறுக்குவார்கள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

பட்டனுக்கு மேலே அவன் எழுதியிருந்தது இது: 'இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியிருந்தால், விரும்பினால், விரும்பியதைத் தரலாம். தராவிட்டாலும் வருத்தமில்லை.' இதில் கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

யாரும் விரும்பவில்லை. தினமும் ஒரு சினிமா தியேட்டர் நிறைகிற அளவுக்கு ஆட்கள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். சினிமா தியேட்டர் கணக்கைச் சொன்னது அவனுடைய அப்பா. ரிட்டயராகும் வரைக்கும் தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். டிக்கெட் இல்லாமல் ஒரு கொசுவைக்கூட உள்ளே விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. மகன் நடத்துகிற தொழிலை அவருக்கு எவ்வளவு விளக்கினாலும் ஏறவில்லை.

"ஆளை உள்ள விடறே. முழுப் படத்தையும் காட்டறே. வெளிய போகும்போது வாசல்ல நின்னுக்கிட்டு 'விரும்பினா குடுங்க'ங்கறே. எவன்டா குடுப்பான்? கதவுன்னு ஒண்ணை எதுக்கு வச்சிருக்கான்?"

"இது அந்த மாதிரி இல்லப்பா."

"வேற எந்த மாதிரி?"

அவன் போனை எடுத்து, யாராவது தந்திருக்கிறார்களா என்று பார்த்தான். பட்டனைப் பக்கத்தின் அடியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தான், நடுவிலிருந்து தலைக்கு ஏற்றினான். பட்டன் ஏற ஏற அவன் சாப்பாடு இறங்கியது. தட்டில் முட்டை ஆறிப்போகும். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் ஒருநாள், எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றிருக்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அந்தச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கூட அவனை விடச் சந்தோஷமாக இருந்தது.

அவன் மனைவியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் வாசலறையில் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு ஆல்ட்டரேஷன் செய்துகொண்டிருந்தாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, முக்கியமாக இடுப்பைத் தளர்த்துவது. உலகம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. அதனால் அவளுக்கு வேலை இருந்தது. தையல் காசில் கொஞ்சம் எடுத்து நேராக அவன் கையில் கொடுத்தால் வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். எனவே அவள் குடையை எடுத்துக்கொண்டு தன் தம்பியின் மொபைல் கடைக்குப் போனாள். தம்பி அவளுடைய போனில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். அனுப்புகிறவர் பட்டப்பெயர் போட்டுக்கொள்ளலாம், கூடவே இரண்டு வரி எழுதலாம் என்று காட்டினான். யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்டான். அவள் சொன்னதும், அவன் கையிலிருந்த போனின் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தான்.

"அக்கா, இது நம்ம வீட்டு அடுப்படியிலேருந்து நம்ம வீட்டு ஹாலுக்குக் காசு அனுப்பற மாதிரி. நடுவுல ஒரு கம்பெனிக்காரன் உட்கார்ந்துக்கிட்டு ஒரு கடி கடிச்சுட்டுத்தான் விடுவான், பார்த்துக்கோ."

"கடிக்கட்டும்டா. மனுஷன் சாப்பிடணும் இல்ல."

அன்று மத்தியானம், ஒரு பேன்ட்டுக்கும் அடுத்த பேன்ட்டுக்கும் நடுவில், அவள் 'மாடிவீட்டம்மா' ஆனாள். கொஞ்சம் அனுப்பி, 'மூணு நாளா தண்ணி போகாம மெஷின் என் உயிரை வாங்குச்சு. உங்க பக்கத்தைப் பார்த்துச் சின்ன மூடியைத் திறந்தேன். என் பையனோட கோலிக்குண்டு. நல்லா இருங்க' என்று எழுதினாள். கோலிக்குண்டு தானாக வந்தது. தனக்கு இப்படியெல்லாம் வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

அவன் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டான். அப்பாவிடம் போய்ப் போனைக் காட்டினான். அவர் கண்ணாடி போட்டு, தொகையைப் பார்த்து, இது பால்கனிக்குப் பத்தாது என்றார். அவனுக்கு அது காதிலேயே விழவில்லை.

ஒரு மாடிவீட்டம்மாவோடு நிற்க முடியுமா? ஒருத்தி மட்டும் திரும்பத் திரும்பத் தந்தால் சந்தேகம் வரும். எனவே ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பிறந்தார். மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே துணி துவைத்து, எல்லாச் சட்டையையும் ரோஸ் ஆக்கிக்கொண்டவர். பிறகு ஹாஸ்டல் பையன் ஒருவன் பிறந்தான். சாக்ஸைப் பற்றி மட்டுமே கேள்வி கேட்பான். படிக்கிற பிள்ளை காசு அனுப்பக் கூடாது என்று மெக்கானிக் அந்தக் காசைத் திருப்பி அனுப்பிவிட்டான். அது போகும்போது ஒரு கடி, வரும்போது ஒரு கடியாக, கறிவேப்பிலைக் கொசுறு அளவுக்கு அவளிடமே வந்து சேர்ந்தது.

மற்ற காசெல்லாம் வாரக் கடைசியில் அவன் கணக்குக்கு வரும். அவன் அதை எடுத்து, பெருமையோடு அவள் கையில் வைத்து, வீட்டுக்கு என்பான். அவள் அதில் எண்ணெயும் அரிசியும் வாங்கிவிட்டு, மிச்சத்தோடு தையல் காசைச் சேர்த்து மறுபடி வாத்தியாராகி அனுப்புவாள். காசு உலகத்தைச் சுற்றிவிட்டு வரும். கொஞ்சம் இளைத்து வரும்.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவன் எல்லோருக்கும் பதில் எழுதினான், அதுவும் நீளமாக. 'அம்மா, உங்களைப் போல ஒருவர் இரண்டு வரி எழுதிவிட்டால் அன்றைக்கு எத்தனை மெஷினைத் தூக்கினாலும் முதுகு வலிக்கிறதில்லை' என்று மாடிவீட்டம்மாவுக்கு எழுதினான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்கு எழுதிய முதல் கடிதம் அது. அவளுக்கு எழுதுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வாத்தியாருக்கு எழுதினதில், 'என் மனைவிக்கு இதில் பெரிதாக நம்பிக்கை இல்லை, வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்' என்று ஒரு வரி இருந்தது. அன்றைக்கு ஒரு பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்துவதற்குப் பதிலாக இறுக்கிவிட்டாள். வாத்தியாருக்கு முழங்கால் வலியும் அன்றுதான் வந்தது; ஏதாவது கஷ்டம் வந்தால் அவருக்காவது நாலு வரி கூட வரும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மழைக்காலம் வந்தது. வாரக்கணக்காக விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு அறைக்கும் சட்டைகளை விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாமனார் ஒரு ஈரப் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து டிவி பார்த்தார்; போர்வையில் படம் தெரியாவிட்டாலும் வசனம் கேட்கிறதே என்றார். ஊரெல்லாம் மெஷின் ஓயாமல் ஓடிக் கெட்டுப்போனது. வெப்சைட்டுக்கு வருகிற கூட்டம் இரண்டு தியேட்டர் ஆயிற்று.

அந்தக் கூட்டம்தான் வினையாக வந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து ஆளை அனுப்பச் சொல்கிறவர்கள், ஆள் கிளம்புவதற்குள் மறுபடி போன் செய்து, வேண்டாம், வெப்சைட்டைப் பார்த்துச் சரிபண்ணிக்கொண்டோம் என்றார்கள். எந்த வெப்சைட் என்று சூப்பர்வைசர் விசாரித்தார். அவருக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் வாரண்டி. எதைக் கேட்டாலும், அது இதில் வராது என்பார். வாரண்டி மெக்கானிக்கை உள்ளே கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் வெப்சைட்டை எடுத்துவிடு, இல்லாவிட்டால் பையைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது மெக்கானிக் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை நிதானமாக மசித்தான்.

"பையைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

போர்வைக்குப் பின்னால் டிவி சத்தம் நின்றது.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் அவள்.

"சும்மா சொல்லல. பாரு." போனை எடுத்து அவளிடம் நீட்டினான். நன்கொடை வரவு கோடாகப் போட்டிருந்தது. மாசத்துக்கு மாசம் ஏறிக்கொண்டே போனது அந்தக் கோடு. "இப்பவே இப்படின்னா, முழு நேரமும் இதுலயே இருந்தா யோசிச்சுப் பாரு. அந்த வாத்தியார் மாதிரி இன்னும் பத்து பேர் வந்தாப் போதும்."

அவள் கோட்டைப் பார்த்தாள். அது எங்கெங்கே எதனால் ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் ஏற்றம், மூன்று பள்ளிக்கூட யூனிபார்ம். அதற்கடுத்தது, மாப்பிள்ளை ஒருத்தன் கோட்டு. உச்சியில் இருப்பது மழைக்கோட்டு ஜிப்புகள். அந்தக் கோட்டை நம்பி இந்த மனுஷன் மாசச் சம்பளத்தை உதறப் போகிறான்.

சம்பளம் போனால் வாடகை போகும். வாடகை போனால் ஜன்னலோரம் போகும். ஜன்னலோரம் போனால் தையல் போகும். தையல் போனால் மாடிவீட்டம்மா எதை எடுத்து அனுப்புவாள்?

மறுநாள் தம்பியின் கடைக்குப் போனாள். நனைந்த போன்களை அரிசி டப்பாவில் புதைத்து வைத்துக்கொண்டிருந்தான் அவன். சண்டையெல்லாம் வேண்டாம், அனுப்புவதை நிறுத்திவிடு, கோடு தானாக இறங்கும், அதைப் பார்த்து மச்சானும் தானாக இறங்கிவருவார் என்றான். அவளுக்கு அது சரியாகப் பட்டது. அன்றிலிருந்து மூன்று பேரையும் நிறுத்தினாள்.

கோடு இறங்கியது. மச்சான் இறங்கவில்லை. அவன் கவலை வேறு பக்கம் போனது.

"வாத்தியார்கிட்டேருந்து ஒண்ணும் காணோம்" என்றான். "முழங்கால் வலின்னாரு. தனியா இருக்கற மனுஷன். குளியலறையில தண்ணி கிண்ணி கிடந்து வழுக்கி விழுந்துட்டாரோ என்னமோ." வேலையை விட்டதும் முதல் காரியமாக அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னான். அட்ரஸ் கேட்டு எழுதியும் விட்டான். அது அவள் போனில் வந்து விழுந்தபோது, பக்கத்து அறையில் அவன் பதிலுக்குக் காத்திருப்பது சட்டைகளுக்கு நடுவே தெரிந்தது.

இதற்கிடையில், சனிக்கிழமை, ஒரு நன்கொடை வந்தது. வந்ததும் அவன் முகம் மலரவில்லை, சுருங்கியது.

"ஒருத்தர் காசு அனுப்பியிருக்காரு. ஆனா சரியாகலையாம்."

அவள் ஊசியை நிறுத்தினாள். அவள் அனுப்பவில்லை. போனை வாங்கிப் பார்த்தாள். பட்டப்பெயர்கூடப் போடவில்லை. 'மெஷினில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, நிறையவே மாட்டேன் என்கிறது. நீங்கள் சொன்னபடி குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையைக் கழுவினேன். சரியாகவில்லை. ஆனாலும் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்களே. நன்றி.' தொகை சின்னதுதான்.

தம்பிக்குப் போன் செய்தாள். நான் இல்லை அக்கா, நான் ஏன் சரியாகவில்லை என்று எழுதப் போகிறேன் என்றான். உண்மையாகவே யாரோ ஒரு ஆள் தந்துவிட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் வராத ஆள், இந்த வாரம் பார்த்துத்தானா வர வேண்டும்?

மெக்கானிக் எந்த மாடல் என்று கேட்டுப் பதில் எழுதினான். எழுதிவிட்டு அவனுடைய வழக்கமான புலம்பலைப் புலம்பினான். எல்லாரும் பாதிதான் எழுதுகிறார்கள்; மாடல் எழுத மாட்டார்கள், எத்தனை கிலோ என்று எழுத மாட்டார்கள், மெஷின் எங்கே வைத்திருக்கிறது என்று எழுத மாட்டார்கள்; கஷ்டத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் என்ன ஜோசியனா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது. அவள் மாமனாரின் போர்வையைத் துவைத்து எடுத்தாள். பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் இரண்டு பேரும் எதிரெதிராக நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அவன் வலப்பக்கம் முறுக்க, அவள் இடப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் ஊற்றியது. நாளைக்கு வாரண்டியிடம் என்ன சொல்லப் போகிறான் என்பதை அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பையை மேஜை மேல் எந்தப் பக்கம் வைப்பது என்பது வரைக்கும் யோசித்திருந்தான்.

"மாடிவீட்டம்மா நான்தாங்க" என்றாள்.

அவன் முறுக்கிக்கொண்டிருந்தான். "எந்த மாடிவீட்டம்மா?"

"கோலிக்குண்டு எடுத்தவங்க. அது நான்தான். நமக்கு ஏது மாடி, நமக்கு ஏது கோலிக்குண்டு. தம்பி போன்ல கணக்குத் தொறந்து குடுத்தான். தையல் காசுதான் அது. நீங்க சாப்பிடாம கிடந்தீங்க, அதான்."

முறுக்கு நிற்கவில்லை. போர்வை கயிறு மாதிரி ஆயிற்று.

"அந்த ஹாஸ்டல் பையன்?"

"நான்தான்."

"அவனுக்கு நான் காசைத் திருப்பி அனுப்பிச்சேனே."

"எனக்குத்தான் வந்துச்சு."

அவன் இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். இனிமேல் அதிலிருந்து வருவதற்குத் தண்ணீர் இல்லை. அவள் கைகள் சிவந்துவிட்டன, விடவில்லை. அடுத்து எதைக் கேட்பான் என்று தெரியும். அதைக் கேட்காமல் இருந்துவிட மாட்டானா என்று பார்த்தாள்.

"வாத்தியார்?"

அவள் தன் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"முழங்கால் வலின்னாரே."

"நான்தாங்க எழுதினேன்."

அவன் தன் முனையைக் கீழே போடவில்லை. மெல்ல நடந்து வந்து, இரண்டு முனையையும் சேர்த்து அவள் கையில் வைத்தான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகப் பதிலும் வைத்திருந்தாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்தான்.

"மூணு பேரையும் ஒரே நேரத்துல எடுத்துட்டே" என்றான். "வாத்தியாரு ஒருத்தருதான் கேட்டாரு, சாப்பிட்டியாப்பான்னு."

அதையும் அவள்தான் கேட்டாள். வீட்டில் கேட்டால் 'ம்' என்று மட்டும் சொல்கிறானே என்று, வாத்தியாரைக் கொண்டு கேட்டாள்.

அவன் தலையைத் தூக்கினான். "அப்ப நேத்து வந்தது? சரியாகலன்னு?"

"அது நான் இல்ல."

அவன் பார்த்த பார்வையில், அவள் எந்தச் சத்தியம் செய்தாலும் எடுபடாது என்று தெரிந்தது. செய்யவில்லை.

"நான் எழுதியிருந்தா சரியாயிடுச்சுன்னு எழுதியிருப்பேன்" என்றாள்.

அவன் அதை யோசித்தான். அது நியாயமாகத்தான் இருந்தது. எழுந்து, ஈரச் சட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஹாலில் மாமனார் டிவியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். போர்வை இல்லாததால் அவர் முகம் அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகனைத் திட்டுவாரா, மருமகளைத் திட்டுவாரா என்று அவருக்கே முடிவாகவில்லை போலிருந்தது.

"ஏம்மா," என்றார் கடைசியில், "அந்த ஆளு படம் புடிக்கலன்னு சொல்லிட்டு, வெளிய போகும்போது காசு குடுத்துட்டா போனான்?"

"ஆமா மாமா."

"நான் வாசல்ல நின்ன காலம் பூரா, படம் புடிக்கலன்னா காசைத் திருப்பிக் குடுன்னுதான் சட்டையைப் புடிச்சிருக்கானுங்க." அணைந்த டிவியைப் பார்த்தார். "இவன் எங்கேருந்தோ வந்திருக்கான்."

திங்கட்கிழமை காலை மெக்கானிக் பேசவில்லை. ரொட்டியைத் தின்றான், டீயைக் குடித்தான், பையை எடுத்துக்கொண்டு போனான். முன்பும் பேசாதவன்தான், ஆனால் அந்தப் பேசாமைக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. முன்பு பேசாமல் இருக்கும்போது அவன் வீட்டில் இருப்பான். அன்று முழுவதும் அவள் எதையும் நேராகத் தைக்கவில்லை. சாயங்காலம் அவன் வந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். பை இருந்தது.

நடந்ததை அவன் அப்பாவிடம் சொன்னான், சமையலறைக்குக் கேட்கிற சத்தத்தில். வெப்சைட்டை எடுத்துவிட்டானாம். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறானாம். அந்தச் சரியாகாத ஆளுக்கு வலையைக் கழுவச் சொன்னது தப்பாம். அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற குழாயைத் தரையில் போட்டிருப்பார், ஏறுகிற தண்ணீரெல்லாம் அது வழியாக அப்படியே ஓடிவிடும், அந்தக் குழாயைத் தூக்கிக் கட்டினாலே போதுமாம். அது அவனுக்கு அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் எழுத மறந்துவிட்டானாம். அந்த ஆள் திரும்ப வந்து பார்க்கிற வரைக்கும் அந்த ஒரு பக்கம் இருக்கட்டும் என்று வாரண்டியிடம் கேட்டிருக்கிறான். அது இதில் வராது என்றாராம் வாரண்டி. ஆனால் பையைக் கேட்கவில்லையாம்.

"அப்பா, அவகிட்ட சொல்லிடுங்க, நாளைக்குச் சோறு கட்ட வேணாம்னு."

"ரெண்டு சட்டை தள்ளி நிக்கறா. நான் என்ன போஸ்டாபீஸா?"

அடுத்தடுத்த நாட்களிலும் தபால் இப்படித்தான் போய்வந்தது. மழையும் விடவில்லை. மாமனார் மட்டும் தினமும் மகன் உள்ளே நுழைந்ததும், அந்த ஆள் வந்தானா என்று கேட்பார். இல்லை என்பான் இவன். வருவான், அந்த மாதிரி ஆள் வருவான் என்று சொல்லிவிட்டு, டிவியைப் போடுவார்.

வெள்ளிக்கிழமை, ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, அவள் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மற்றதெல்லாம் போய், அது ஒன்று மட்டும் பெரிய வீட்டில் ஒற்றை நாற்காலி மாதிரி கிடந்தது. தலையில், 'இந்தப் பக்கத்தில் நான் முன்பு எழுதியது போதாது. அதைச் செய்து சரியாகாதவர்கள் என்னை மன்னிக்கவும்' என்று இருந்தது. அடியில் குழாயின் படம், எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்று கோடு போட்டு. அவள் கட்டைவிரல் பழக்கத்தில் பட்டன் இருந்த இடத்துக்குப் போனது. பட்டன் இல்லை. விரும்பினாலும் தர முடியாது. அந்த இடத்தில், சரியானால் சொல்லவும், சரியாகாவிட்டாலும் சொல்லவும் என்று எழுதி, கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் விட்டிருந்தான்.

பெயர் கேட்கிற இடத்தில் விரல் நின்றது. மாடிவீட்டம்மா ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டாள். கட்டத்தில் எழுதினாள்: 'நான்தான். முட்டை தீர்ந்துடுச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க.' இன்னும் ஏதாவது எழுதலாமா என்று பார்த்தாள். அந்தக் கோலிக்குண்டெல்லாம் இப்போது வரவில்லை. அனுப்பிவிட்டு, பிரித்த இடுப்பைத் தைக்க உட்கார்ந்தாள்.

பதில் வரவில்லை. இரண்டு பேன்ட் முடித்துவிட்டுப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. மழை பலத்துக்கொண்டு வந்தது. மாமனார் வசனம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, முட்டை இல்லாமலே ஆகட்டும் என்று உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள்.

அவன் முழுக்க நனைந்து வந்தான். அப்பா கேட்பதற்கு முன்பே, இன்னும் வரவில்லை என்றான். சட்டைகளை விலக்கி, சட்டைகளை விலக்கி, சமையலறை வரைக்கும் வந்து நின்றான். தோளிலிருந்து பையை இறக்கி, ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் நடுவிலிருந்து, தன் பழைய துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேடை மேல் வைத்தான். பிரித்துப் பார்த்து, ஒன்றும் உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் துண்டை நீட்டினாள். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டான்.

"எத்தனைன்னு நீ எழுதல" என்றான்.